201 இலக்க எண்ணும் ஒன்பது இலக்க விடையும்

1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரிலுள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு பெங்களூர்ப் பெண்மணியிடம் ஓர் எண் கொடுக்கப்பட்டது. அந்த எண்ணை அச்சுக் கோத்தால் இவ்வளவு இடம் பிடிக்கும்:

916 748 676 920 039 158 098 660 927 585 380 162 483 106 680 144 308 622 407 126 516 427 934 657 040 867 096 593 279 205 767 480 806 790 022 783 016 354 924 852 380 335 745 316 935 111 903 596 577 547 340 075 681 688 305 620 821 016 129 132 845 564 805 780 158 806 771

மொத்தம் 201 இலக்கங்கள். லட்சம், கோடி என்று பெயர் சொல்லிப் படிக்கவே முடியாத எண். இதன் 23-ஆவது மூலம் என்ன என்பது கேள்வி. அதாவது, எந்த எண்ணை 23 தடவை வரிசையாக எழுதிப் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும்?

ஐம்பது வினாடிகளில் பதில் வந்தது: 546372891. ஐம்பத்து நான்கு கோடியே அறுபத்து மூன்று லட்சத்து எழுபத்தீராயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று. விடை சரிதானா என்று பார்க்க யூனிவாக் கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு புரோகிராம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் அவரைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு அதே விடையைச் சொன்னது. அவர்தான் சகுந்தலா தேவி.

இந்தச் செய்தி தெரியாதவர்கள் பெங்களூரில் குறைவு. ஆனால் அந்த 201 இலக்க எண்ணை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எவ்வளவு பெரிய எண் என்று மலைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், தேவி செய்ததில் எது அரிது, எது அரிதுபோலத் தோன்றுவது மட்டும் என்பது விளங்கும்.

சர்க்கஸ் கூடாரத்திலிருந்து...

சகுந்தலா தேவி 1929-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி பெங்களூரில் ஒரு கன்னடக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் சர்க்கஸில் வேலை பார்த்தவர். அந்தரத்தில் ஊஞ்சலாடுவது, கயிற்றின்மேல் நடப்பது, சிங்கம் பழக்குவது, மாஜிக் செய்வது எல்லாம் அவருக்குக் கைவந்த தொழில். மகளுக்கு மூன்று வயதானபோது சீட்டுக்கட்டு வித்தை ஒன்றைச் சொல்லிக் கொடுக்கப் போனவர், குழந்தை சீட்டுகளின் எண்களை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். சர்க்கஸை விட்டுவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கணக்குக் காட்சி நடத்தக் கிளம்பிவிட்டார்.

ஆறு வயதில் மைசூர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் முன்னிலையில் கணக்குப் போட்டுக் காட்டினாள் அந்தச் சிறுமி. 1944-இல் தகப்பனாருடன் லண்டன் பயணம். முறையான பள்ளிப் படிப்பு அவருக்கு அமையவில்லை. மற்றப் பிள்ளைகள் ஸ்லேட்டில் வாய்ப்பாடு எழுதிய வயதில், அவர் தம் கணக்கால் குடும்பத்துக்குச் சோறு போட்டார். மேதை, அற்புதப் பிறவி என்று மாலை போட்டவர்கள் பலர். அந்தச் சிறுமியின் உழைப்பைப் பற்றி எழுதியவர்கள் சிலரே.

கடலுக்குள் ஓர் ஊசியா?

இனி எண்ணுக்கு வருவோம். 201 இலக்கம் கொண்ட எண்கள் எத்தனையோ உண்டு. அவற்றை எண்ணி முடிக்க உலகத்திலுள்ள காகிதமெல்லாம் போதாது. ஆனால் கேள்வி அப்படி எடுத்த எடுப்பில் அகப்பட்ட ஓர் எண்ணைப் பற்றியது அல்ல. மிச்சமில்லாமல் 23-ஆவது மூலம் வரக்கூடிய எண்ணைப் பற்றியது. அப்படிப்பட்ட 201 இலக்க எண்கள் மிகவும் அபூர்வம்.

ஒரு முழு எண்ணின் 23-ஆவது அடுக்கு சரியாக 201 இலக்கங்களோடு நிற்க வேண்டுமானால், அந்த எண் சுமார் 49 கோடியே 62 லட்சத்துக்கு மேலும், சுமார் 54 கோடியே 84 லட்சத்துக்குக் கீழும் இருந்தாக வேண்டும். கொஞ்சம் குறைந்தால் 200 இலக்கம். கொஞ்சம் கூடினால் 202. இடையிலுள்ளவை ஏறக்குறைய 5 கோடியே 22 லட்சம் எண்கள். இதுவும் சின்னத் தொகை அல்ல என்றாலும், 201 இலக்கம் என்று கேட்டபோது வந்த மலைப்பு இப்போது வராது. விடை ஒன்பது இலக்கம் என்பதும், அது 4-இல் அல்லது 5-இல் தொடங்கும் என்பதும், எண்ணைப் படிப்பதற்கு முன்பே, அதன் நீளத்தைக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது.

பள்ளியிறுதி வகுப்பில் கிளார்க் டேபிள் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு அடுத்த படி எளிது. எண் 9167 என்று தொடங்குகிறது. லாகரிதம் அட்டவணையில் 9167-க்கு நேரே .9622 என்று இருக்கும். 201 இலக்கமாதலால் முன்னால் 200. ஆக 200.9622. இதை 23-ஆல் வகுத்தால் 8.7375. ஆன்டி-லாகரிதம் அட்டவணையில் .7375-க்கு 5464. எனவே விடையின் முதல் மூன்று இலக்கங்கள் 546. நாலணா விலைக்குப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த அட்டவணையே விடையின் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறது!

மீதி ஆறு இலக்கங்களுக்கு வாலைப் பிடிக்க வேண்டும்.

வாலில் இருக்கும் ரகசியம்

எந்த எண்ணையும் 23 தடவை பெருக்கினால் கடைசி இலக்கம் என்னவாகும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1-இல் முடியும் எண்ணின் 23-ஆவது அடுக்கு 1-இல் முடியும். 2-இல் முடிவது 8-இலும், 3-இல் முடிவது 7-இலும், 7-இல் முடிவது 3-இலும், 8-இல் முடிவது 2-இலும் முடியும். 0, 4, 5, 6, 9 ஆகியவை மாறாமல் அப்படியே நிற்கும். இரண்டு இலக்கங்கள் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதே இல்லை. வர்க்கமூலத்தில் இந்த வசதி கிடையாது. ஒரு வர்க்கம் 1-இல் முடிந்தால் மூலம் 1-இலும் முடியலாம், 9-இலும் முடியலாம். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் வர்க்கமூலம் சந்தேகத்தில் விடுகிறது. பயமுறுத்தும் 23-ஆவது மூலம் ஒரே பதிலைச் சொல்கிறது.

டல்லஸ் எண் 1-இல் முடிகிறது. ஆகவே விடையும் 1-இல் முடிய வேண்டும்.

அடுத்தது பத்தாம் இடம். 1-இல் முடியும் ஓர் எண்ணின் பத்தாம் இடத்து இலக்கத்தை 3-ஆல் பெருக்கி, வருவதில் கடைசி இலக்கத்தை எடுத்துக்கொண்டால், அதுவே அந்த எண்ணின் 23-ஆவது அடுக்கின் பத்தாம் இடத்தில் இருக்கும். டல்லஸ் எண்ணில் அந்த இடத்தில் இருப்பது 7. மூன்றாம் வாய்ப்பாட்டில் 7-இல் முடிவது எது? மும்மூன்று ஒன்பதில் தொடங்கி நடந்தால், 27 ஒன்றுதான். ஆகவே 9. விடை 91-இல் முடிகிறது.

நூறாம் இடமும் இதே போக்குதான். ஆனால் இங்கே கொஞ்சம் உழைக்க வேண்டும். 91-இன் 23-ஆவது அடுக்கு 371-இல் முடியும். டல்லஸ் எண் 771-இல் முடிகிறது. 3 என்பது 7 ஆவதற்கு 4 வேண்டும். மூன்றாம் வாய்ப்பாட்டில் 4-இல் முடிவது 24, ஆகவே 8. இப்போது கையில் 891 இருக்கிறது. இப்படியே வாலிலிருந்து ஒவ்வோர் இடமாக முன்னால் நகரலாம். 806771 என்ற கடைசி ஆறு இலக்கங்கள் 372891 என்ற ஆறு இலக்கங்களைக் கொடுக்கும். முன்னால் 546-ஐ ஒட்டினால் விடை முழுமை.

இன்னும் ஒரு வேடிக்கை. 1, 3, 7, 9 ஆகியவற்றில் முடியும் எண்ணாக இருந்து, மூலமும் மிச்சமில்லாமல் வருமானால், லாகரிதம்கூட வேண்டியதில்லை. கடைசி ஒன்பது இலக்கங்கள் மட்டுமே ஒன்பது இலக்க விடை முழுவதையும் தீர்மானித்துவிடும். முன்னாலுள்ள 192 இலக்கங்களை ஒரு துண்டு போட்டு மூடிவிட்டாலும் விடை மாறாது.

இதைக் கேட்டதும், "அட, இவ்வளவுதானா! தந்திரம்தானா!" என்று சொல்லத் தோன்றும். சொன்னவர்களும் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. வழி தெரிவது வேறு, அந்த வழியில் ஐம்பது வினாடியில் நடந்து முடிப்பது வேறு. நூறாம் இடத்துக்கே 91-இன் 23-ஆவது அடுக்கு எப்படி முடியும் என்று தெரிய வேண்டியிருந்தது. அடுத்த இடத்துக்கு 891-இன் அடுக்கு, அதற்கடுத்த இடத்துக்கு அதைவிடப் பெரிய எண்ணின் அடுக்கு என்று பாரம் ஏறிக்கொண்டே போகும். காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஐம்பது வினாடியின் மதிப்பு தெரியும். மேலும், இங்கே சொன்னது கணிதம் காட்டும் ஒரு வழி. அவர் மனத்துள் ஓடிய வழி அவருக்கே வெளிச்சம்.

விடையின் முகத்தைப் பாருங்கள்

வாலும் தலையும் பார்த்தாயிற்று. விடையின் முகத்தை ஒரு தடவை பார்ப்பது நல்லது: 5, 4, 6, 3, 7, 2, 8, 9, 1. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லா இலக்கங்களும் வந்திருக்கின்றன. எதுவும் இரண்டாம் தடவை வரவில்லை. ஒன்பது பேரை வரிசை மாற்றி நிற்க வைத்ததுபோல் இருக்கிறது. தற்செயலாக இப்படி அமைவது அரிது. யாரோ ஒன்பது இலக்கங்களையும் கலைத்துப் போட்டு ஓர் எண் அமைத்து, அதை 23 தடவை பெருக்கிக் கேள்வியைத் தயாரித்திருக்க வேண்டும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினால் 45. ஆகவே அந்த இலக்கங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் 9-ஆல் வகுபடும். 546372891 அதற்கும் ஒரு படி மேலே போய் 27-ஆலும் வகுபடுகிறது, ஈவு 20236033. அதற்குமேல் 3-ஆல் போகாது. அப்படியானால் 201 இலக்க எண்ணை 3-ஆல் மீண்டும் மீண்டும், 69 தடவை மிச்சமில்லாமல் வகுத்துக்கொண்டே போகலாம். நம்பாதவர்கள் மேலே அச்சிட்டிருக்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கலாம். மொத்தம் 882 வரும். 8, 2, 8 எப்படிக் கூட்டினாலும் 18, ஒன்பதின் மடங்கு.

எண் எவ்வளவு நீளம் என்பதை வைத்துக் கணக்கு எவ்வளவு கடினம் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. டல்லஸ் நிகழ்ச்சிக்கு முந்தைய ஆண்டு, 1976 ஆகஸ்டில், ஹாலந்து நாட்டுக் கணித வல்லுநர் விம் கிளைன் 500 இலக்க எண்ணின் 73-ஆவது மூலத்தை 2 நிமிடம் 43 வினாடியில் சொன்னார். 500 இலக்கம்! ஆனால் விடை ஏழே இலக்கம். 73-ஆவது மூலம் மிச்சமில்லாமல் வரக்கூடிய 500 இலக்க எண்கள் மொத்தமே சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம்தான். எண் பெரிதாகியிருக்கிறது, தேட வேண்டிய இடமோ சுருங்கிவிட்டது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று. ஜெர்மனியின் பான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் 200 இலக்க எண் ஒன்றை அதன் இரண்டு பகாக் காரணிகளாகப் பிரித்தார்கள். டல்லஸ் எண்ணைவிட ஓர் இலக்கம் குறைவு. ஆனால் பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து மாதக்கணக்கில் உழைத்த பிறகே காரணிகள் அகப்பட்டன. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கியதைப் பிரிப்பது பெரும்பாடு. அந்தப் பெரும்பாட்டையே பூட்டாக வைத்துத்தான் கம்ப்யூட்டர்கள் ரகசியச் செய்திகளைப் பாதுகாக்கும் முறை ஒன்று அமைந்திருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள எண்கள். ஒன்றின் கதவில் பிடி இருக்கிறது, மற்றதில் இல்லை.

பிடி இல்லாத கதவு

சகுந்தலா தேவியும் பிடி இல்லாத கதவு ஒன்றைத் திறந்து காட்டினார். 1980-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அது நடந்தது. அக்கல்லூரியின் கம்ப்யூட்டர் துறையினர் எடுத்த எடுப்பில் பொறுக்கிய இரண்டு 13 இலக்க எண்கள் அவரிடம் தரப்பட்டன: 7,686,369,774,870, 2,465,099,745,779. இரண்டையும் பெருக்கச் சொன்னார்கள். 28 வினாடியில் அவர் சொன்ன விடை: 18,947,668,177,995,426,462,773,730.

பத்திரிகைகளில் 201 இலக்க மூலத்துக்குக் கிடைத்த கொட்டை எழுத்து இதற்குக் கிடைக்கவில்லை. 201 என்பதற்கு முன்னால் 13 என்பது சப்பென்று இருப்பதே காரணமாக இருக்கலாம். ஆனால் உண்மையில் இதுவே பெரிய காரியம். மூலத்தில் ஒளிந்திருந்த விடை ஒன்பது இலக்கம். இங்கே விடை 26 இலக்கம். மூலம் மிச்சமில்லாமல் வரும் என்ற உறுதி அங்கே இருந்தது; இங்கே எந்த உறுதியும் இல்லை. ஓர் இலக்கத்தைக்கூட மூடி வைக்க முடியாது. பள்ளிக்கூட முறைப்படி போட்டால் 169 சிறு பெருக்கல்கள். அவற்றையெல்லாம் இடம் பார்த்துக் கூட்டி, கைம்மாறும் இலக்கங்களை மறக்காமல் ஏந்திச் செல்ல வேண்டும். 28 வினாடியில் அந்த எண்களை ஒழுங்காகப் பார்த்து எழுதவே பலருக்கு நேரம் போதாது.

விடை சரியா என்பதை ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குப் பழக்கமான 'ஒன்பதை நீக்கும்' முறையில் பார்க்கலாம். முதல் எண்ணின் இலக்கங்களின் கூட்டுத்தொகை 78. அதையும் கூட்டிச் சுருக்கினால் 6. இரண்டாவது 74, சுருக்கினால் 2. ஆறும் இரண்டும் பெருக்கினால் 12, அதாவது 3. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 138. சுருக்கினால் அதுவும் 3. இந்தச் சோதனையில் தேறுவதாலேயே விடை சரியென்று ஆகிவிடாது; ஆனால் தவறான விடைகளில் பெரும்பாலானவை இதில் மாட்டிக்கொள்ளும். பேரேட்டில் கூட்டல் இடித்தால் இரவெல்லாம் தூங்காமல் தேடியவர்களுக்கு இந்தச் சோதனையின் அருமை தெரியும்.

தேவியின் மூளையில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க விரும்பினார் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மனோதத்துவப் பேராசிரியர் ஆர்தர் ஜென்சன். 1988-இல் பெர்க்லியில் அவரைச் சோதித்தார். 61,629,875-இன் கனமூலம் என்ன, 170,859,375-இன் ஏழாவது மூலம் என்ன என்பன அவர் கொடுத்த கணக்குகளில் இரண்டு. 395 என்றும் 15 என்றும் பதில்கள் வந்தன. கேள்விகளைப் பேராசிரியர் தம் நோட்டில் எழுதி முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. முதல் கணக்கை வாசகர்களும் போட்டுப் பார்க்கலாம். 400-இன் கனம் 6 கோடியே 40 லட்சம். 390-இன் கனம் 5 கோடியே 93 லட்சத்துச் சொச்சம். கேட்ட எண் இடையில் இருக்கிறது, 5-இல் முடிகிறது. வேறென்ன விடை இருக்க முடியும்?

ஜென்சன் தம் ஆராய்ச்சிக் கட்டுரையை 1990-இல் வெளியிட்டார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற சாதாரண வேகச் சோதனைகளில் தேவி பெரிதாக ஒன்றும் முந்தவில்லை என்பது அதில் கண்ட முடிவு. பொதுவாக அவர் மூளை மின்னல் வேகத்தில் ஓடவில்லை. எண்களைக் கையாளுவதில் மட்டும் அந்த வேகம் வந்தது. மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு நாளும் எண்களோடு வாழ்ந்தவருக்கு 546, 891 என்பவை பக்கத்து வீட்டுக்காரர் பெயர்போல ஆகியிருந்தன என்று கொள்வதே பொருத்தம். நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பழைய கணக்கப்பிள்ளைகள், முந்திரிக் கணக்குவரை காகிதமில்லாமல் சொன்னதும் இந்த வழியில்தான். அளவு மட்டும் வேறு.

'மனிதக் கம்ப்யூட்டர்' என்ற பட்டம் தேவிக்கு உவப்பாக இருந்ததில்லை. மனித மனம் கம்ப்யூட்டரைவிட மேலானது என்பது அவர் கட்சி. டல்லஸ் நிகழ்ச்சி நடந்த அதே 1977-இல் 'ஃபிகரிங்' என்ற புத்தகத்தை வெளியிட்டு, கணக்குப் போடும் வழிமுறைகளை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். தந்திரத்தை மூடி வைத்துப் பிழைக்கும் மாஜிக்காரர் செய்யும் காரியம் அல்ல அது.

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி, தாம் பிறந்த பெங்களூரிலேயே, 83-ஆம் வயதில் காலமானார். லண்டன் பெருக்கல் கணக்கு 1982-ஆம் ஆண்டின் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. ஆனால் அதற்கான சான்றிதழ் அவர் கைக்குக் கிடைக்கவில்லை. 2020 ஜூலையில் அவர் மகளிடம் தரப்பட்டது. உலகமெல்லாம் பேசிய 201 இலக்க மூலத்துக்காக அல்ல, 28 வினாடியில் போட்ட அந்தப் பெருக்கலுக்காகவே அந்தச் சான்றிதழ்.